காலி டம்ளரைப் பார்த்து எழுதியவள்

வாய்க்கால் கரைகளை நடந்தே தேய்த்த என் அப்பாவுக்கு,

தண்ணீர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. இந்த வருஷம் மேட்டூரை நேரத்துக்குத் திறந்துவிட்டார்கள். பூதலூர்ப் பக்கம் நம் கிளை வாய்க்காலிலும் தண்ணீர் ஏறிவிட்டது, குறுவை நடவும் முடிந்துவிட்டது. உங்கள் மதகைத் திறந்து மூட இப்போது ஒரு சின்ன வயதுக்காரர் லஸ்கராக இருக்கிறார். ஷட்டரைத் திறக்கும்போதும் காதில் போன். நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் புலம்பித் தீர்த்திருப்பீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மூன்றாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. தம்பி சேவியர் குவைத்திலிருந்து வருகிறான். கோயிலில் கொடுக்கிற நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதச் சொன்னான். அதில் ஒரு வரியை அவனே போனில் சொல்லிவிட்டான்: “செவிலியரான மகளின் கண்ணும் கருத்துமான கவனிப்பில் கடைசி நாட்களைக் கழித்தவர்.” அழகான வரிதான். மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். இதை எங்கள் நர்சிங் கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். குடும்ப விஷயத்தை நாலு பேர் நடுவில் பேசுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள் அப்பா.

நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல், நெஞ்சுச் சளி. வயது எழுபத்தாறு. பூதலூர் ஸ்டேஷன் வரை சைக்கிளில் போய், அங்கிருந்து ரயிலேறித் தஞ்சாவூர் வந்துவிடுகிறேன் என்று அடம்பிடித்தீர்கள். நான் திட்டி, கார் வைத்து அழைத்து வந்தேன். நான் பொறுப்பு நர்ஸாக இருந்த ஆண்கள் பொது வார்டிலேயே ஜன்னலோரம் படுக்கை கிடைத்தது. மகள் வேலை பார்க்கிற இடம், இனி ஒரு கவலையும் இல்லை என்று ஊரே சொன்னது.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதியது இல்லை, யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. எழுபது தாண்டியவர் யார் வந்து சேர்ந்தாலும், கையில் ஊசி ஏற்றுவதோடு சேர்த்து டயபரும் மாட்டிவிடுவோம். நடப்பாரா, மாட்டாரா என்று கேட்பதில்லை. விழுந்து எலும்பு முறிந்தால் யார் பதில் சொல்வது? வார்டில் ஆளும் குறைவு. அதே காய்ச்சலோடு நாற்பது வயதுக்காரர் வந்தால், “பாத்ரூம் அந்தக் கடைசியில இருக்குங்க” என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவோம்.

உதவியாளரைக் கூப்பிட்டு உங்களுக்கும் மாட்டச் சொன்னேன். திரைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன்.

“பாத்ரூம் அதோ இருக்கு. எண்ணி இருபது தப்படி. நான் நடந்துருவேம்மா,” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தீர்கள்.

“விழுந்து வச்சீங்கன்னா யாரு பாக்குறது? பேசாம இருங்கப்பா. இங்க எல்லாருக்கும் இப்படித்தான்.”

“எல்லாருக்குமா?”

திரையை விலக்கியபோது நீங்கள் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே நாகூர்க்காரர் ஒருவர், நாற்பது சொச்சம் வயது, வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மனைவி பாத்திமா கூட வர, தத்தித் தத்திப் பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தார். கால் முறிந்தவர் நடக்கிறார், இரண்டு காலும் நன்றாக இருக்கிற மனுஷன் டயபரோடு படுத்திருக்கிறார். அந்தக் காட்சியை நானும்தான் பார்த்தேன் அப்பா. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் நீங்கள். ஏழெட்டு வேலி நிலம் வைத்திருந்த மிராசுதாரிடம், “உங்க முறை நாளைக்குத்தாங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த ஆள். உங்களைத்தான் எங்கள் வார்டுப் பெண்கள் “தாத்தா, ஆ காட்டுங்க. சமத்துத் தாத்தால்ல” என்று கொஞ்சினார்கள். எல்லாம் அன்புதான். நீங்களும் வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டீர்கள். முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், நான் மாத்திரையைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் குளுக்கோஸ் ஏற்றுவதை நிறுத்தினார்கள். “தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுங்க சிஸ்டர்,” என்று டாக்டர் என்னிடம் சொன்னார். “சரிங்க டாக்டர்,” என்று நானும் சொன்னேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நீங்கள் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, வலி இருக்கிறதா, எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். அப்பாவைப் பற்றி மகளுக்குத் தெரியாததா என்று எனக்கொரு பெருமை வேறு.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர், இருநூறு மில்லி பிடிக்கும். எவ்வளவு குடிக்கிறார் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நாங்கள் டம்ளரை நிரப்பி வைத்துவிட்டுப் போவோம். திரும்ப வரும்போது காலியாக இருந்தால் இருநூறு என்று எழுதுவோம். மறுபடி நிரப்புவோம், மறுபடி எழுதுவோம். உங்கள் டம்ளர் எப்போது பார்த்தாலும் காலியாகத்தான் இருந்தது. சிறுநீர் எவ்வளவு என்கிற கட்டத்தில் டயபர் போட்டவர்களுக்கு அளவு எழுத வழியில்லை, ஒரு டிக் அடித்துவிடுவோம். உங்களுக்கு நாளுக்கு ஒரு டயபர் மாற்றினாலே அதிகம். “அப்பாவால ஒரு தொந்தரவே இல்ல மேடம்,” என்று பெண்கள் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரி நான், பாருங்கள்!

ஐந்தாம் நாள் நீங்கள் குழம்பிப் பேச ஆரம்பித்தீர்கள். “ஷட்டர எறக்குங்கய்யா, நம்ம முறை முடிஞ்சிருச்சு” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னீர்கள். என்னைப் பார்த்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். டாக்டர் வந்து பார்த்தார்.

“வயசாயிடுச்சுல்ல சிஸ்டர். எடம் மாறுனா இப்படித்தான் கொழம்புவாங்க. பாத்துக்கலாம்.”

நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் அப்பா, மூன்று வருஷமாகத் தூக்கிச் சுமக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர் அப்படித் திடீரென்று உளறியிருந்தால் அந்த நிமிஷமே ரத்தம் எடுத்திருப்பேன். டாக்டர் வேண்டாம் என்றாலும் சண்டை போட்டு எடுத்திருப்பேன். உங்களுக்கு மறுநாள் காலைதான் எடுத்தோம். உடம்பில் உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துகொண்டிருந்தன. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோயிருக்கிறார் என்றார்கள். எப்படி? தாளில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் எழுதியிருக்கிறதே!

தீவிர சிகிச்சையில் ஒன்பது நாள் இருந்தீர்கள். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நெஞ்சுச் சளியும் முற்றிவிட்டிருந்தது, எதனால் போனீர்கள் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது உண்மைதான். அதைச் சொல்லிச் சொல்லி நானும் என்னைத் தேற்றிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த நாகூர்க்காரர் மாவுக்கட்டைப் பிரிக்க வந்தார். பாத்திமா என்னைத் தேடிக்கொண்டு வார்டுக்கு வந்தார். முந்தானையைத் திருகிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“சிஸ்டர், சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல? உங்க வாப்பா தண்ணியே குடிக்கல. நீங்க வச்சுட்டுப் போனதும் டம்ளர எங்கிட்ட குடுத்து, வாஷ்பேசின்ல ஊத்திருமான்னு சொல்லுவாங்க.”

“ஏன்?” என்று கேட்டேன்.

“குடிச்சா போவணும்ல. ‘இது எம்பொண்ணு வேல பாக்குற எடம்மா. அவகூட வேல பாக்குற புள்ளைங்க எனக்குத் துணி மாத்துறாங்கன்னா அவளுக்கு அசிங்கமில்லையா’ன்னாங்க. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நானும் ரெண்டு நாளைல வீட்டுக்குப் போயிருவாங்கன்னுதான் நெனச்சேன் சிஸ்டர்.”

பாத்திமா அழுதார். அவரைத் தேற்றுவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது? அவர் ஊற்றினது தண்ணீரைத்தான். அதை உங்கள் வயிற்றுக்குள் போனதாக எழுதினது நான்.

அன்றைக்கு ரெக்கார்டு அறைக்குப் போய் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இருநூறு, இருநூறு, இருநூறு. ஓரத்தில் கையெழுத்து. மற்ற பெண்களுடையது சிலது, பாதிக்குமேல் என்னுடையது. வீட்டில் நீங்கள் மதகில் அளவெடுப்பதைப் பற்றிப் பேசியது ஞாபகம் வந்தது. கரைமேல் நின்றே மதகுச் சுவரில் இருக்கும் அடி அளவுக் கோட்டைப் பார்த்து எழுதிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி, தண்ணீரில் கால் பட நின்று பார்த்துத்தான் எழுதுவீர்கள். அம்மாகூட, “அரை அடி கொறஞ்சா ஒலகம் முழுகிப் போயிருமாக்கும்” என்று கேலி செய்வாள்.

அந்த வார்டுக்குள் மறுபடி கால் வைக்க முடியாமல்தான் கல்லூரிக்கு மாற்றல் கேட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பாதிப் பொய்.

பாடம் நடத்துகிறேன் அப்பா, நன்றாகவே நடத்துகிறேன். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். இரண்டிலும் ஒரே நோயாளி: காய்ச்சல், நெஞ்சுச் சளி, நடமாட்டம் உண்டு, டயபர் போடப்பட்டிருக்கிறது, ஐந்தாம் நாள் குழம்பிப் பேசுகிறார். ஒரு பக்கத்துத் தாளில் வயது நாற்பத்தாறு. இன்னொரு பக்கத்தில் எழுபத்தாறு. வேறு ஒரு வித்தியாசமும் கிடையாது. என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொல்வேன். கடைசியில், காலி டம்ளரைப் பார்த்துக் குடித்தார் என்று சார்ட் எழுதிய ஒரு சிஸ்டரின் கதையையும் சொல்வேன், யாரென்று மட்டும் சொல்லாமல்.

நாற்பத்தாறு கிடைத்த பிள்ளைகள் பாய்ந்து பாய்ந்து எழுதுகிறார்கள். உடனே ரத்தம் எடுக்கணும், சிறுநீர் எவ்வளவு போகிறது, நிஜமாகவே தண்ணீர் குடிக்கிறாரா, நடக்கிறவருக்கு எதற்கு டயபர். அப்படியே அச்சாக, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். எழுபத்தாறு கிடைத்தவர்கள் மறதி நோயாக இருக்கலாம், படுக்கையின் பக்கக் கம்பியை ஏற்றி வைக்கணும், உறவினர் யாராவது கூட இருக்கணும் என்று எழுதுகிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை அப்பா. பஸ்ஸில் பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கிற பிள்ளைகள்தான். வயதைப் படித்த பிறகு அவர்களுக்கு மிச்சத் தாள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் பட்டதா என்ன?

போன வருஷம் இந்தப் பயிற்சி முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள், “இது நெஜமா நடந்ததா மேடம்? அந்த சார்ட் எழுதுன சிஸ்டர் இப்ப எங்க இருக்காங்க?” என்று. “தெரியலம்மா, வேற ஊருக்குப் போயிட்டாங்க,” என்றேன். எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்!

இந்த வருஷம் அபிநயா என்றொரு பெண். ஒரத்தநாட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம், வாயில் விரலை வைத்தால் கடிக்கிற ரகம். அவளுக்கு எழுபத்தாறு வயதுத் தாள் கிடைத்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் முகம் சிவந்துவிட்டது.

“எங்கள ஏமாத்திட்டீங்க மேடம்.”

“நான் ஏமாத்தலம்மா. வயசு ஒண்ணுதான் மாத்துனேன்.”

அந்த டம்ளர் கதையை நான் சொல்லி முடிக்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, “சரி, எங்களுக்கு அனுபவமில்ல. அந்த சிஸ்டருக்கு இருந்திருக்கும்ல? காலி டம்ளரப் பாத்துக் குடிச்சாருன்னு எழுதியிருக்காங்களே, அவங்கள்லாம் எதுக்கு மேடம் இந்த வேலைக்கு வர்றாங்க? அவங்க அப்பாவா இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா?” என்று கேட்டாள்.

வகுப்பு முழுக்க அவள் பக்கம்தான். வேற ஊருக்குப் போயிட்டாங்க என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அன்றைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, அதை விழுங்கிவிட்டேன்.

“அப்பாதான் அபிநயா,” என்றேன். “அந்த சிஸ்டர் நான்தான். அவரு எங்க அப்பா.”

அபிநயா நின்றபடியே இருந்தாள், உட்காரத் தோன்றவில்லை அவளுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். இருபது தப்படி, பாத்திமா, வாஷ்பேசின், தலையாட்டல், ஒன்றுவிடாமல். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை.

அட்டைக்கு அந்த வரியைச் சொல்லியிருந்த சேவியருக்கு அன்று சாயங்காலமே போன் போட்டேன். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது அல்லவா? ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் லீவு போட்டு வந்திருப்பேன்க்கா. கையப் புடிச்சு நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்,” என்றான். குரல் உடைந்துவிட்டது, போனை வைத்துவிட்டான். அதன் பிறகு பேசவில்லை. திருச்சியில் விமானம் வந்து இறங்குகிற நேரத்தை மட்டும் நேற்று அனுப்பியிருக்கிறான். நான் அழைக்கப் போக வேண்டும். அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இருவரில் யாரை முதலில் அதட்டியிருப்பீர்கள்?

நினைவு அட்டைக்கு ஒரே வரிதான் எழுதி அனுப்பியிருக்கிறேன்: “சவரிமுத்து, லஸ்கர், தண்ணீரை முறை தவறாமல் விட்டவர்.” சேவியரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு செய்தி இருக்கிறது. அபிநயாவுக்கு இந்த வாரம் நம் பழைய வார்டில்தான் பயிற்சி. நேற்றுக் காலை மூச்சு வாங்க என் அறைக்கு ஓடி வந்தாள்.

“மேடம், ஜன்னலோரப் பெட்ல ஒரு சார் வந்திருக்காங்க. எண்பத்தோரு வயசு. வந்ததுமே டயபர் மாட்டிட்டாங்க. நீங்க நடப்பீங்களா சார்னு கேட்டேன். நீ யாரு என்ன நடக்கச் சொல்றதுக்குன்னு திட்டுறாங்க. டாக்டர்ட்ட கேட்டுட்டேன், நடக்கலாம்னாங்க. நீங்க வர்றீங்களா?”

மூன்று வருஷம் கழித்து அந்த வார்டுக்குள் போனேன் அப்பா. உங்கள் படுக்கை அதே இடத்தில்தான் இருக்கிறது, விரிப்பு மட்டும் நிறம் மாறியிருக்கிறது. அந்த மனுஷர் திட்டிக்கொண்டே எழுந்தார். ஒரு பக்கம் அபிநயா, ஒரு பக்கம் நான். இடையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். “கையெல்லாம் புடிக்க வேணாம், கூட வாங்க போதும்” என்றார். எண்ணினேன். நீங்கள் சொன்னது சரிதான், இருபது தப்படி.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். அபிநயா டம்ளரைக் கொடுத்துவிட்டு, சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நானும் நின்றேன். அவர் ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, அவர் எதற்கென்று கேட்கவில்லை. காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அபிநயா இருநூறு என்று எழுதினாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. கல்லூரியில் சொல்லிவிட்டேன், அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளோடு அந்த வார்டுக்கே போகிறேன். எழுபதோ எண்பதோ, யாராக இருந்தாலும் அவர்களையேதான் கேட்பேன், அவர்கள் வாயிலிருந்து பதில் வரும்வரை நிற்பேன். வருஷா வருஷம் அந்த இரண்டு தாளையும் கொடுப்பேன். அந்த சிஸ்டர் யார் என்று பிள்ளைகள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

கால் நனையாமல் இனி ஒரு அளவும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டவள்,
உங்கள் மகள் ஸ்டெல்லா